அரைப்பெயர் போதும்: லாஞ்சர் பிறந்த கதை

மவுஸைத் தொடாமல் ஃபோல்டரைத் திறக்கலாம் என்று முதலில் காட்டியவர்களிடம் மவுஸே கிடையாது. கறுப்புத் திரை, அதில் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடு, கீழே கீபோர்டு. அவர்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான். அங்கே தொடங்கிய பழக்கம் மவுஸ் வந்ததும் மங்கியது. பிறகு மவுஸோடு வளர்ந்தவர்களே அதைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அதன் இன்றைய வடிவத்துக்கு லாஞ்சர் என்று பெயர். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு பெட்டி வரும். வேண்டிய ஃபோல்டரின் பெயரில் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் ஃபோல்டர் திறக்கும், பெட்டி மறைந்துவிடும்.

தேடுவதுதானே, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றலாம். தேடுவது பழைய வித்தை. லாஞ்சர் செய்த புதுக் காரியம் வேறு. ஒரு ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாம், அதன் முழுப்பெயர்கூட வேண்டாம். நாம் நம் வசதிக்குக் கூப்பிடும் அரைப்பெயரை இயந்திரம் கற்றுக்கொள்ளட்டும் என்றது. ஃபோல்டர் என்ற ஏற்பாடு பிறந்து, இந்த இடத்துக்கு வந்துசேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

தலைகீழ் மரம்

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற ஏற்பாட்டுக்குப் பிறந்த ஆண்டு சொல்ல வேண்டுமென்றால் 1965 என்று சொல்லலாம். எம்ஐடி, பெல் ஆய்வுக்கூடம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த சமயம். அதன் கோப்பு அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே கணினியைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் கோப்பு இன்னொருவர் கோப்போடு கலந்துவிடக் கூடாது. அதற்கு அவர்கள் சொன்ன வழி, வேர் மேலேயும் கிளைகள் கீழேயுமாக ஒரு மரம். ஒரு கோப்பைச் சுட்டுவதற்கு வேரிலிருந்து அதுவரை உள்ள கிளைகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். மல்டிக்ஸிடமிருந்து இதை யூனிக்ஸ் எடுத்துக்கொண்டது. யூனிக்ஸைப் பார்த்து டாஸ் எடுத்துக்கொண்டது.

ஐபிஎம் பிசியோடு 1981-ல் வந்த முதல் டாஸில் ஃபோல்டர் கிடையாது. ஒரு ஃபிளாப்பியில் இருக்கும் கோப்புகளை ஒரே பட்டியலாகப் பார்த்துவிடலாம் என்பதால் தேவையும் இருக்கவில்லை. 1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சில படங்களுக்கே அந்த இடம் போதாது. அன்று அதற்குள் நூற்றுக்கணக்கில் கோப்புகளைப் போடலாம். எனவே கூடவே வந்த டாஸ் 2.0-ல் மரமும் வந்தது.

மரம் வந்ததும் ஏறுகிற வேலையும் வந்தது. ‘சிடி’ என்று அடித்து, ஒவ்வொரு கிளையின் பெயரையும் சாய்கோடு போட்டுப் பிரித்து, கடைசிவரை எழுத வேண்டும். பெயருக்கு எட்டு எழுத்துதான் அனுமதி என்பதால் எல்லாப் பெயர்களும் ஒடுக்கிச் சுருக்கியவை. ஓரெழுத்து பிசகினாலும் அப்படி ஒரு டைரக்டரி (ஃபோல்டருக்கு அன்றைய பெயர்) இல்லை என்று பதில் வரும். எங்கே வைத்தோம் என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கணினி வசப்பட்டது.

இந்த ஒப்பித்தலிலிருந்து விடுதலை தந்தவற்றில் ஒன்று நார்ட்டன் யுடிலிட்டீஸ் தொகுப்பில் இருந்த நார்ட்டன் சேஞ்ச் டைரக்டரி. பயனர்கள் அதை என்சிடி என்றே சொல்வார்கள். ‘என்சிடி’ என்று அடித்து, போக வேண்டிய டைரக்டரிப் பெயரின் ஆரம்பத்தை மட்டும் கொடுத்தால் போதும். அது மரத்தில் எந்தக் கிளையில் இருந்தாலும் நேரே அங்கே கொண்டுபோய் விடும். வெறும் ‘என்சிடி’ என்றால் முழு மரமும் திரையில் விரியும். எழுத்துகளைத் தட்டத் தட்ட வெளிச்சப்பட்டை பொருந்துகிற பெயருக்குத் தாவும். ஒவ்வொரு முறையும் வட்டைத் துழாவிக்கொண்டிருக்காமல், மரத்தின் பட்டியலை ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதி வட்டின் வேரில் வைத்துக்கொண்டதால்தான் இந்த வேகம். வேறு வழியில் உருவாக்கிய டைரக்டரி அந்தப் பட்டியலில் இருக்காது; மறுபடி ஒருமுறை வட்டைப் படிக்கச் சொல்ல வேண்டும். இன்றைய லாஞ்சர்கள் பலவற்றுக்கும் இதே அமைப்பு, இதே தொந்தரவு.

யூனிக்ஸ் பக்கத்திலும் இதே யோசனை தனியாக முளைத்திருந்தது. 1983-ல் ஜேம்ஸ் உட்ஸ் என்பவர் யூசெனிக்ஸ் சங்கத்தின் செய்தி மடலில் ‘ஃபைண்டிங் ஃபைல்ஸ் ஃபாஸ்ட்’ என்ற மூன்று பக்கக் கட்டுரையை எழுதினார். தேடுகிற நேரத்தில் வட்டை முழுதும் நடந்து பார்க்காதே, எல்லாப் பெயர்களையும் முன்பே பட்டியலிட்டு அந்தப் பட்டியலில் தேடு என்பது அதன் சாரம். பட்டியல் பெருத்துவிடாமலிருக்க ஒரு தந்திரமும் சொன்னார். அகரவரிசையில் அடுத்தடுத்து வரும் முகவரிகளின் முன்பகுதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே முந்தைய வரியோடு எத்தனை எழுத்து ஒத்துப்போகிறது என்ற எண்ணையும் மிச்சத்தையும் மட்டும் எழுதினால் போதும். யூனிக்ஸ் குடும்பத்தில் இன்றும் இருக்கும் ‘லொகேட்’ கட்டளை இதன் வழிவந்தது. பாதிப் பெயரை அடித்துவிட்டு மிச்சத்தை இயந்திரத்தையே நிரப்பச் சொல்லும் வழக்கம் இன்னும் பழையது. பிபிஎன் நிறுவனத்தின் டெனெக்ஸ் இயங்குதளத்தில் இருந்த அந்த வசதியைப் பார்த்து, யூனிக்ஸில் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் சி ஷெல்லுக்குள் கென் கிரியர் அதைக் கொண்டுவந்தார். டிசிஎஸ்எச் ஷெல் அப்படித்தான் உருவானது.

மவுஸின் கணக்கு

1984-ல் மெக்கின்டாஷ் வந்தது, பின்னால் விண்டோஸ் வந்தது. ஃபோல்டர் கண்ணால் பார்க்கும் படமானது. எதையும் ஒப்பிக்க வேண்டாம், பார்த்துச் சொடுக்கினால் போதும். கணினியைக் கண்டு பயந்தவர்கள் அதன் முன் உட்காரத் துணிந்தது இதனால்தான். ஆனால் வட்டு பெரிதாகப் பெரிதாக மரமும் ஆழமானது. ஒவ்வொரு மட்டத்திலும் நின்று, பார்த்து, இதற்குள்ளா அதற்குள்ளா என்று முடிவெடுத்து, சொடுக்கி, மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிட ஒரு கணக்குமுறை முன்பே இருந்தது. ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் 1980-ல் வெளியிட்டது அது. சராசரித் தேர்ச்சியோடு தட்டச்சு செய்பவருக்கு ஒரு விசைக்கு 0.2 விநாடி. மவுஸால் ஓரிடத்தைச் சுட்ட 1.1 விநாடி. கை கீபோர்டிலிருந்து மவுஸுக்குப் போக 0.4 விநாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாக 1.35 விநாடி. இதை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். நான்கு மட்டம் கீழே இருக்கும் ஃபோல்டருக்கு, மட்டத்துக்கு ஒரு யோசனை, ஒரு சுட்டல், இரட்டைச் சொடுக்கு என்றால் 2.85 விநாடி; கை நகர்வையும் சேர்த்தால் மொத்தம் 11.8. லாஞ்சரில் பெட்டியை அழைக்க இரண்டு விசை, பெயருக்கு மூன்று, ஒரு என்டர், முன்னும் பின்னும் ஒவ்வொரு யோசனை. மொத்தம் 3.9. மவுஸ் கணக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம் யோசனைக்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தெருமுனைக்குத் தெருமுனை இறங்கி வழி கேட்பதற்கும், ஆட்டோவில் ஏறி இடத்தைச் சொல்லிவிட்டுச் சாய்ந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எதிர்த்தரப்பும் உண்டு. ஆப்பிளில் இடைமுக வடிவமைப்பாளராக இருந்த புரூஸ் டோக்னாஸினி 1989-ல் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் கீபோர்டுதான் வேகம் என்கிறார்கள், ஆனால் கடிகாரம் மவுஸ்தான் வேகம் என்று காட்டுகிறது என்றார். எந்தக் குறுக்குவிசை எந்த வேலைக்கு என்று நினைவுபடுத்திக்கொள்ளும் நேரம் நமக்குத் தெரியாமலே கழிந்துவிடுகிறது என்பது அவர் கொடுத்த விளக்கம். அர்த்தமில்லாத விசைக்கூட்டுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லாஞ்சர் தப்பித்தது எப்படி என்றால், அது ஒரே ஒரு விசைக்கூட்டைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறது. மற்றபடி நாம் அடிப்பது நாமே வைத்த பெயர்.

வியன்னாவில் ஒரு பெட்டி

இந்த இழைகளெல்லாம் ஒன்றுசேர்ந்த இடங்களில் முக்கியமானது ஆஸ்திரியாவின் வியன்னா. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறித் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில் நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற இயங்குதளம் ஓடியது. 1990-களின் நடுவில் வியன்னாவின் அப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் அதற்காகச் செய்ததுதான் லாஞ்ச்பார். தொடக்கத்தில் அது டெர்மினல் சாளரத்தையே முகமாகக் கொண்ட சில ஷெல் ஸ்கிரிப்டுகள், அவ்வளவே. பிறகு தனி மென்பொருளானது. ஆப்பிள் 1996 டிசம்பரில் நெக்ஸ்டை வாங்குவதாக அறிவித்து, நெக்ஸ்ட்ஸ்டெப்பின் மேல் மேக் ஓஎஸ் எக்ஸைக் கட்டி 2001-ல் வெளியிட்டது. அதே ஆண்டில் லாஞ்ச்பாரும் மேக்குக்குக் குடிபெயர்ந்தது.

அதன் உள்ளே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது பொருத்துவது. அடித்த எழுத்துகள் பெயரில் அதே வரிசையில் வந்தால் போதும், அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. ஃபோட்டோஷாப்புக்கு பி, எஸ், எச் என்று தட்டலாம். ‘ப்ராஜெக்ட் பிளான்’ என்ற ஃபோல்டருக்கு இரண்டு ‘பி’ போதும். சொல்லின் முதலெழுத்தில் பொருந்தினால் அந்தப் பெயர் பட்டியலில் மேலே ஏறும். நடுவில் நிறைய எழுத்துகளைத் தாண்டிப் பொருந்தினால் இறங்கும்.

இரண்டாவது, கற்றுக்கொள்வது. இரண்டு ‘பி’ அடித்தபோது நாம் கேட்டது பட்டியலில் ஐந்தாவதாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அம்பு விசையால் இறங்கி அதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை அது மேலே நிற்கும். சில நாள்களில் நம்முடைய சுருக்கங்களுக்கும் நம்முடைய ஃபோல்டர்களுக்கும் இடையே ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டுவிடும். என்சிடியும் லொகேட்டும் எல்லாருக்கும் ஒரே விடையைச் சொன்னவை. இங்கே ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு விடை வந்தது. புதிதாகப் பிறந்தது என்று சொல்லத்தக்கது இதுதான்.

பெட்டியில் ஃபோல்டர் வந்த பிறகு வலது அம்பை அழுத்தினால் உள்ளே போகலாம், இடது அம்பை அழுத்தினால் வெளியே வரலாம். பெயரால் அருகே போய், கடைசி இரண்டடியை மட்டும் மரத்தில் நடப்பது. இடமும் பெயரும் சண்டை போட வேண்டியதில்லை என்று காட்டிய அழகான சமரசம் அது.

2003-ல் குவிக்சில்வர் வந்தது. அமெரிக்க நிரலாளர் நிக்கலஸ் ஜிட்காஃப் எழுதி, பிளாக்ட்ரீ என்ற பெயரில் இலவசமாகவே கொடுத்தார். லாஞ்ச்பாரின் ஒரு பெட்டிக்குப் பதில் இவர் அறைகளை வைத்தார். முதல் அறையில் எது, இரண்டாவதில் அதை என்ன செய்ய வேண்டும், தேவைப்பட்டால் மூன்றாவதில் எங்கே அல்லது யாருக்கு. ஒரு கோப்பின் பெயரை அடித்து, டேப் தட்டி, ‘நகர்த்து’ என்பதைத் தேர்ந்து, மறுபடி டேப் தட்டி, போய்ச்சேர வேண்டிய ஃபோல்டரின் இரண்டு எழுத்தைத் தட்டினால் முடிந்தது. இரண்டு சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து இழுத்துப் போடுகிற வேலை ஒரே வாக்கியமாகச் சுருங்கியது. மெர்லின் மேன் நடத்திய 43 ஃபோல்டர்ஸ் இணையதளத்தில் இது விரிவாகப் பேசப்பட்டது. மாதத்துக்கு ஒன்றாக 12, தேதிக்கு ஒன்றாக 31 என்று காகித ஃபோல்டர்களை அடுக்கி வேலைகளை நினைவில் வைக்கும் முறையிலிருந்து வந்த பெயர் அது. 2007-ல் குவிக்சில்வரின் மூலநிரல் திறந்து விடப்பட்டது. பொருத்தத்துக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும் அதன் முறையை மற்றவர்கள் வேறு பல நிரல்மொழிகளில் எழுதிக்கொண்டார்கள்.

பெரிய நிறுவனங்கள் விழித்தபோது

ஆப்பிள் 2005 ஏப்ரலில் மேக் ஓஎஸ் எக்ஸின் டைகர் பதிப்போடு ஸ்பாட்லைட்டைக் கொண்டுவந்தது. அதில் உழைத்தவர்களில் ஒருவர் டொமினிக் ஜியாம்போலோ, பிஓஎஸ் இயங்குதளத்தின் கோப்பு அமைப்பை வடிவமைத்தவர். ஸ்பாட்லைட் பெயரோடு நிற்காமல் கோப்புக்குள் இருக்கும் எழுத்தையும் தேடியது. லாஞ்ச்பார் அதுவரை தன்னுடையதாக வைத்திருந்த கமாண்ட்-ஸ்பேஸையும் எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் திரையின் மூலையில் இருந்த ஸ்பாட்லைட் பெட்டி 2014-ல் நடுவுக்கு வந்தது. 2025-ல் அறிவித்த பதிப்பில், தேடியதோடு விடாமல் செயலையும் பெட்டியிலேயே செய்யலாம், செயலுக்குச் சுருக்கெழுத்தும் உண்டு என்றார்கள். ஜிட்காஃப் செய்து 22 ஆண்டுகள் கழித்து!

விண்டோஸில் ஜோஷ் கார்லின் எழுதிய லாஞ்சி, ஆல்ட்-ஸ்பேஸைத் தன் விசையாக வைத்துக்கொண்டது. நாம் சொல்லும் ஃபோல்டர்களை அட்டவணையிட்டு, டேப் தட்டினால் உள்ளே இறங்கவும் விட்டது. 2007-ல் விஸ்டாவின் ஸ்டார்ட் மெனுவிலேயே தேடுபெட்டி வந்ததும் இந்த யோசனை எல்லார் வீட்டுக்கும் போய்ச்சேர்ந்தது. 2020-ல் மைக்ரோசாஃப்ட்டே பவர்டாய்ஸ் ரன் என்று ஒரு லாஞ்சரை வெளியிட்டது. அதன் விசையும் ஆல்ட்-ஸ்பேஸ்தான்.

ஃபோல்டர் தேடுபவர்கள் மறக்கக் கூடாத ஒரு மென்பொருள், டேவிட் கார்ப்பென்டரின் எவ்ரிதிங். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பு எல்லாக் கோப்புகளின் பெயரையும் ஓர் அட்டவணையில் ஏற்கெனவே வைத்திருக்கிறது. எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்காமல் அந்த அட்டவணையை நேராகப் படித்துவிடுகிறது. 10 லட்சம் கோப்புகளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது அதை வெளியிடும் வாய்ட்டூல்ஸ் தரும் கணக்கு. பிறகு வட்டில் நடக்கும் மாற்றங்களை இயங்குதளம் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்த்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்கும். என்சிடியை வருத்திய பழைய பட்டியல் பிரச்சினை இப்படித் தீர்ந்தது.

கறுப்புத் திரையை விடாதவர்களும் சும்மா இருக்கவில்லை. இசட், அண்மையில் ஜோக்ஸைடு ஆகிய கருவிகள் நாம் எந்த ஃபோல்டருக்கு அடிக்கடி போகிறோம், கடைசியாக எப்போது போனோம் என்று கணக்கு வைத்து, இரண்டு எழுத்தில் அங்கே கொண்டுபோகின்றன. 2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3-இன் முகவரிப் பட்டையும் இதே இரட்டைக் கணக்கைத்தான் போட்டது.

தமிழில் ஃபோல்டர்ப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற ஓரெழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் ஒன்றே என்று அறியாத மென்பொருள், கண்முன்னே இருக்கும் ஃபோல்டரையும் இல்லை என்று சொல்லிவிடும். கூடவே, பெட்டியை அழைத்த பிறகு கீபோர்டைத் தமிழுக்கு மாற்றுவதும் ஒரு வேலை. மூன்று விசையில் முடிய வேண்டியது ஐந்தாறாக நீளும்.

லாஞ்சர் இவ்வளவு வளர்ந்தும் ஃபோல்டர் மரம் ஒழியவில்லை. ஓஃபர் பெர்க்மனும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தேடுபொறி மேம்பட்ட பிறகும் மக்கள் தங்கள் கோப்புகளுக்குப் பெரும்பாலும் நடந்தே போகிறார்கள், இடம் மறந்தால்தான் தேடுகிறார்கள் என்று கண்டார்கள். 2015-ல் பெர்க்மனும் வேறு சிலரும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும்போது, நிஜ உலகில் வழிகண்டு நடக்கும்போது வேலைசெய்யும் பகுதிகளே இயங்கின. சொல்லை அடித்துத் தேடும்போது மொழிக்கான பகுதி இயங்கியது. கையால் ஒரு வேலை செய்துகொண்டு வாயால் பேசிக்கொண்டிருப்பவருக்கு, நடப்பது இடைஞ்சல் குறைவு என்பது அதிலிருந்து வரும் பொருள்.

அரைப்பெயர் பழகியவருக்குச் சொல்லை அடித்துத் தேடும் இடைஞ்சலும் குறையும் என்று தோன்றுகிறது. நூறு தடவை தட்டிய இரண்டு எழுத்து சொல்லாக நிற்பதில்லை, விரலின் அசைவாகிவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு. அந்த ஒப்பந்தம் அந்த ஒரு கணினியோடு சரி. அடுத்தவர் மேசையில் உட்கார்ந்து அதே இரண்டு எழுத்தைத் தட்டினால் வேறு எதுவோ திறக்கும். இன்னொரு நிபந்தனை, பெயர் பெயராக இருக்க வேண்டும். எட்டெழுத்துக் காலத்து ஆள்கள் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணிப் பெயர் வைத்தார்கள். இடத்துக்குப் பஞ்சமில்லாத நாமோ ‘நியூ ஃபோல்டர் (2)’ என்று விட்டுவிடுகிறோம். அதை எந்த லாஞ்சரும் அடையாளம் கண்டு எடுத்துத் தராது. திறந்து பார்த்து, உள்ளே இருப்பதற்குத் தக்க ஒரு பெயர் வைக்கிற வேலை இன்னும் நம்முடையதுதான்.